பிள்ளைகளோடு பழைய ஜெர்மன் ஊர்களைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? நியூரம்பெர்க்கிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து, குடும்பமும் பின்னால் வந்து சேர்ந்து, முதல் பள்ளி விடுமுறை நெருங்கும்போது எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: எங்கே போகலாம்? இணையத்தில் கிடைக்கும் பயணத் திட்டங்களைப் பார்த்தால் பிள்ளை இல்லாதவர்கள் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். காலையில் கோட்டை, அப்புறம் தேவாலயம், மதியம் அருங்காட்சியகம், மாலையில் இன்னொரு ஊர். ஐந்து வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு அப்படி ஓடினால், மதியத்துக்குள் அது சந்தைச் சதுக்கத்தின் நடுவில் உட்கார்ந்து அழும். இந்த ஊர்களில் நம் நாளைத் தீர்மானிப்பது ரயில் நேரமும் கழிப்பறையும் படிக்கட்டுகளும்தான். அதையெல்லாம் முடிவு செய்த பிறகு எதைப் பார்ப்பது என்று யோசித்தால் போதும்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது பவேரியா மாநிலத்தில் உள்ள நியூரம்பெர்க். பெரிய ரயில் சந்திப்பு, கோட்டை, மதில், பிள்ளைகளுக்கான அருங்காட்சியகங்கள் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. பாம்பெர்க், ரோத்தன்புர்க், ரேகன்ஸ்புர்க் ஆகிய மூன்று ஊர்களுக்கும் அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

1. முதலில் தேதி

பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டால் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டுக் கிளம்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இங்கே பள்ளிக்கு வருவது சட்டக் கடமை. அனுமதி இல்லாமல் பிள்ளையை நிறுத்தினால் பெற்றோருக்கு அபராதம் வரலாம். தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விடுமுறை தொடங்கும் நேரத்தில் விமான நிலையத்திலேயே போலீஸ் விசாரித்த சம்பவங்கள் பவேரியாவில் நடந்திருக்கின்றன.

பள்ளி விடுமுறைத் தேதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பவேரியாவில் கோடை விடுமுறை ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பர் நடுவில்தான் முடிகிறது. நீங்கள் வேறு மாநிலத்தில் இருந்தால், உங்களுக்கு விடுமுறையாகவும் பவேரியாவில் பள்ளி நடப்பதாகவும் இருக்கும் வாரத்தைத் தேடுங்கள். அறை வாடகையும் குறையும், கூட்டமும் குறையும்.

திங்கட்கிழமையைச் சுற்றிப் பார்க்கும் நாளாக வைக்காதீர்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும், கடைகள் மூடியிருக்கும். எனவே வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து, சனி, ஞாயிறு சுற்றிவிட்டு, திங்கள் காலை கிளம்புவது வசதி.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். நியூரம்பெர்க் சந்தை முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தைய வெள்ளியன்று தொடங்கி டிசம்பர் 24 வரை நடக்கும். ராட்டினங்கள் உள்ள தனிக் குழந்தைகள் சந்தையும் பக்கத்திலேயே உண்டு. ஆனால் அந்தச் சனி ஞாயிறுகளில் ஸ்ட்ரோலரோடு உள்ளே போனால் வெளியே வருவது பெரும்பாடு. வார நாள் முற்பகல் போங்கள். அறையைப் பல மாதங்கள் முன்பே பிடித்து வையுங்கள்.

2. தங்குவது ஒரே ஊரில்

நாளுக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு விடுதி என்று திட்டமிடாதீர்கள். பெட்டி, ஸ்ட்ரோலர், தூங்கும் பிள்ளை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தினமும் ரயில் ஏறுவது பயணமே இல்லை, வீடு மாற்றுவது.

நியூரம்பெர்க்கின் இளைஞர் விடுதி கோட்டைக்கு உள்ளேயே, 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய தானியக் கிடங்கில் இருக்கிறது. பெயர் இளைஞர் விடுதி என்றாலும் குடும்ப அறைகள் உண்டு. கோட்டையில் தூங்கப் போகிறோம் என்று சொன்னால் பிள்ளைகள் மறுநாள் கேட்காமலே பல் தேய்ப்பார்கள். இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டும். விடுதிச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும். குடும்பத்துக்கு ஒரே அட்டை போதும், ஆண்டுக் கட்டணம் தனி. இன்னொன்று, கோட்டை மேட்டில் இருக்கிறது. சுற்றி முடித்த களைப்பில் ஒவ்வொரு மாலையும் ஏற வேண்டும்.

சமையலறை உள்ள வாடகை வீடு நமக்கு வசதிதான். ரசம் வைக்கலாம், பால் காய்ச்சலாம். ஆனால் விளம்பரத்தில் தெரியும் வாடகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கடைசிச் சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கை விரிப்பு, துண்டு, முன்பணம் எல்லாம் தனித்தனியாக வரும். நாங்கள் தங்கிய ஓர் இடத்தில் துண்டுக்குக்கூட ஆளுக்கு இவ்வளவு என்று சாவி கொடுக்கும்போதுதான் சொன்னார்கள். இரண்டு இரவு மட்டும் தங்குகிறீர்கள் என்றால் இந்தக் கட்டணங்களைச் சேர்த்த பிறகு ஓட்டலே மலிவாகிவிடும்.

ஓட்டலில் பதிவு செய்யும்போது பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போடுங்கள். இரண்டு பேர் அறையில் நான்கு பேர் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. தொட்டில் வேண்டுமானால் முன்பே எழுதிக் கேளுங்கள்.

3. ரயில் டிக்கெட்

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ஒவ்வொரு டிக்கெட்டிலும் பிள்ளைகளுக்கான விதி வேறு. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எந்த ரயிலிலும் டிக்கெட் வேண்டாம். குழப்பம் எல்லாம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்குத்தான்.

வேகமான நெடுந்தூர ரயில்களில் (ஐசிஇ, ஐசி) பெரியவர் ஒருவர் டிக்கெட்டோடு போனால் இந்த வயதுப் பிள்ளைகள் நான்கு பேர் வரை இலவசம். ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வயதையும் சேர்த்திருக்க வேண்டும். இலவசம்தானே என்று பலர் அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ரயிலில் பரிசோதகரிடம் விளக்கிப் பயனில்லை. இருக்கை முன்பதிவு இதில் சேராது. இரண்டாம் வகுப்பில் ஒரு இருக்கைக்கு 5.50 யூரோ, முன்பு இருந்த குடும்பச் சலுகையை 2025இல் எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் பிள்ளைகளோடு போகும்போது முன்பதிவு செய்யுங்கள். ஐசிஇயில் கைக்குழந்தைகளுக்கென்று தனிச் சிறு அறை உண்டு. இருக்கை தேர்வு செய்யும் பக்கத்தில் அதைத் தேடிப் பிடியுங்கள்.

மலிவு விலை டிக்கெட்டில் குறிப்பிட்ட ரயிலில் மட்டும்தான் போகலாம். ஆனால் போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும், அடுத்த ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. உள்ளூர், வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும், ஐசிஇயில் செல்லாது. இதில் பிள்ளைகளை இலவசமாகக் கூட்டிப்போக முடியாது. ஆறு வயது முடிந்த பிள்ளைக்குத் தனி டிக்கெட் வேண்டும். நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். பயணத்துக்காக மட்டும் ஒரு மாதம் எடுக்கிறீர்கள் என்றால், அது சந்தா என்பதை நினைவில் வையுங்கள். அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும்.

பவேரியாவுக்குள் சுற்ற பவேரியா டிக்கெட் உண்டு. ஒருவருக்கு முப்பது யூரோவை ஒட்டி வரும், கூட வரும் ஒவ்வொரு பெரியவருக்கும் பத்து யூரோ அளவில் கூடும். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இதில் தனிக் கட்டணம் இல்லை. வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், 8.50 ரயிலில் ஏறிவிடாதீர்கள். பயணிப்பவர் பெயர் டிக்கெட்டில் இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் நியூரம்பெர்க் வட்டாரப் போக்குவரத்தின் ‘டாகெஸ்டிக்கெட் ப்ளுஸ்’ என்ற ஒருநாள் டிக்கெட்டின் விலையைப் பாருங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு பெரியவர்களும் நான்கு பிள்ளைகளும் போகலாம். சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறும் செல்லும். பாம்பெர்க்கும் ரோத்தன்புர்க்கும் இந்த வட்டாரத்துக்குள் வருகின்றன. ரேகன்ஸ்புர்க் வராது. சனி ஞாயிறு பயணத்துக்கு இதைவிட நல்ல பேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

கிளம்பும் முந்தைய இரவு ரயில் செயலியைத் திறந்து பாருங்கள். தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். ‘எஸ்ஈவி’ என்ற மூன்று எழுத்து தெரிந்தால் அதுதான். பேருந்தில் ஸ்ட்ரோலருக்கு இடம் குறைவு, நேரமும் கூடும். அப்படியானால் அன்றைக்கு வேறு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

4. பையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

எல்லோருடைய பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை. ஜெர்மன் குடிமக்கள் விடுதியில் படிவம் நிரப்பும் முறை 2025இல் போய்விட்டது, வெளிநாட்டவருக்கு இன்னும் இருக்கிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட்டைக் காட்டும்போதும் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். பிள்ளையின் வயதை நிரூபிக்கவும் ஏதாவது வேண்டும்.

பவேரியா டிக்கெட்டிலேயே ஆஸ்திரியாவின் சால்ஸ்புர்க் வரை போகலாம் என்று தெரிந்ததும் ஆசை வரும். திரும்பும்போது எல்லையில் ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்க்கும். பாஸ்போர்ட்டை விடுதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அம்மா மட்டும் பிள்ளைகளோடு போனால் இன்னொரு சிக்கல் உண்டு. நம் வழக்கப்படி பிள்ளைக்குக் குடும்பப் பெயராக அப்பாவின் பெயரும், அம்மாவின் பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயரும் இருக்கும். பார்ப்பவருக்கு உறவு புரியாது. பிறப்புச் சான்றிதழின் நகலும் அப்பாவின் சம்மதக் கடிதமும் இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஊரிலிருந்து தம்பி, தங்கை குடும்பம் பார்க்க வருகிறதென்றால் ஷெங்கன் விசாவுக்குப் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கோடை விடுமுறைக்கு மார்ச்சிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

5. ஸ்ட்ரோலர்

பழைய ஊர் என்றாலே கருங்கல் பாவிய தெரு. சின்னச் சக்கரம் உள்ள மடக்கு ஸ்ட்ரோலர் ஒவ்வொரு கல்லிடுக்கிலும் சிக்கும். பெரிய சக்கரம் உள்ளது இருந்தால் அதைக் கொண்டுபோங்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கட்டிக்கொள்ளும் பையே மேல், மதில், கோபுரம் எங்கும் போகலாம். ரயில் நிலைய லிஃப்ட் வேலை செய்யாமல் இருப்பது இங்கே சாதாரணம். ஸ்ட்ரோலரை ஒரு ஆளாகத் தூக்கிப் படியேற முடியுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

6. நியூரம்பெர்க்கில் முதல் நாள்

காலையிலேயே கோட்டைக்கு ஏறிவிடுங்கள், பிள்ளைகளின் கால்களில் தெம்பு இருக்கும்போதே. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 9 மணிக்கும், குளிர்காலத்தில் 10 மணிக்கும் திறக்கிறார்கள். குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே மூடிவிடுவார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நுழைவு இலவசம். பவேரிய மாநில அரசின் மற்ற கோட்டைகள், அரண்மனைகளிலும் இதே விதிதான். அதனால் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சுற்றுலா அட்டை வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்.

மன்னர் அறைகளை வேகமாகக் கடந்து கிணற்றுக்குப் போங்கள். ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம், பாறையைக் குடைந்தது. வழிகாட்டி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார். சத்தம் வர எத்தனை நொடி ஆகிறது என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் மெழுகுவர்த்தியைக் கீழே இறக்குவார். அது ஒரு புள்ளியாகச் சுருங்கும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வழிகாட்டி வரும் நேரத்தில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் டிக்கெட் வாங்கும்போதே அடுத்த நேரம் எது என்று கேளுங்கள்.

அங்கிருந்து இறக்கம்தான். 11.45க்குள் பிரதானச் சந்தைச் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். சரியாக 12 மணிக்கு ஃப்ரவன் தேவாலய முகப்பில் உள்ள கடிகாரத்தில் பொம்மைகள் நகரும். நடுவில் பேரரசர் உட்கார்ந்திருப்பார், ஏழு பிரபுக்கள் மூன்று முறை அவரைச் சுற்றி வருவார்கள். நாளுக்கு ஒரு தடவைதான். அதே சதுக்கத்தில் உள்ள அலங்கார நீரூற்றின் கம்பி வேலியில் ஒரு பொன்னிற வளையம் இருக்கிறது. மனதில் ஒன்றை நினைத்து அதைத் திருப்புவது வழக்கம். பிள்ளைக்கு எட்டாது, தூக்கிவிட வேண்டும்.

மதியத்துக்கு ஒன்றே ஒன்று. சிறு பிள்ளை என்றால் பொம்மை அருங்காட்சியகம். ரயில் பைத்தியம் என்றால் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள ரயில்வே அருங்காட்சியகம். 1835இல் நியூரம்பெர்க்குக்கும் ஃபூர்த்துக்கும் இடையே ஓடிய, ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் ‘ஆட்லர்’ எஞ்சினின் மாதிரி அங்கே உண்டு. பிள்ளைகள் விளையாடத் தனிப் பகுதியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மதியத்தில் பார்க்க முயல வேண்டாம்.

வெயில் நாளானால் அருங்காட்சியகத்தையே விட்டுவிட்டு வோர்டர் ஏரிக்கரைக்குப் போங்கள். மணல் கரை, விளையாட்டுத் திடல், ஊருக்குள்ளேயே. சரித்திரம் எங்கும் ஓடிவிடாது.

7. ரோத்தன்புர்க்

படங்களில் பார்த்த அந்த ஊர் இதுதான். நியூரம்பெர்க்கிலிருந்து ஆன்ஸ்பாக்கில் ஒருமுறை, ஸ்டைனாக்கில் ஒருமுறை ரயில் மாற வேண்டும். மொத்தம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். ஸ்டைனாக்கில் மாறக் கிடைப்பது சில நிமிடங்கள், தவறவிட்டால் அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ரயில் நிற்கும் முன்பே பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிக் கதவருகே நில்லுங்கள். திரும்பும் ரயில் நேரத்தையும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இங்கே சிறந்தது மதில் மேல் நடை. கூரை போட்ட மரப்பாதை, கட்டணம் இல்லை. படிகள் செங்குத்து, பாதை குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க வேண்டும். ஓடும் வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்தே நடத்துங்கள். முழுச் சுற்றும் நடக்க வேண்டியதில்லை. ஒரு வாயிலில் ஏறி அடுத்த வாயிலில் இறங்கினால் போதும். நகர மன்றக் கோபுரத்துக்கு 220 படிகள். கடைசிப் பகுதி ஏணி மாதிரி ஒடுங்கிவிடும், கைக்குழந்தையோடு வேண்டாம்.

குற்றவியல் அருங்காட்சியகத்தை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். உள்ளே சித்திரவதைக் கருவிகள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இரவில் உங்கள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். இரவுக் காவலர் வேடமிட்டவர் ஆங்கிலத்தில் கூட்டிப்போகும் நடை நன்றாக இருக்கும், ஆனால் அது இரவு 8 மணிக்கு. அன்றைக்கு அங்கேயே தங்கினால்தான் சரிப்படும்.

கடைக்குக் கடை அடுக்கியிருக்கும் ‘ஷ்னேபால்’ என்ற உருண்டையை ஒன்று மட்டும் வாங்கிப் பங்கு போடுங்கள். சோமாஸின் பூரணத்தை எடுத்துவிட்டு மேல்தோலை மட்டும் தின்பது போல இருக்கும்.

8. பாம்பெர்க், ரேகன்ஸ்புர்க்

பாம்பெர்க் ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம், மாற வேண்டாம். ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய நகர மன்றத்தின் சுவர் ஓவியத்தில் ஒரு குட்டித் தேவதையின் கால் மட்டும் நிஜமாகவே சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கே என்று சொல்லாமல் தேடச் சொல்லுங்கள். மேட்டில் உள்ள ரோஜாத் தோட்டம் இலவசம், உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம்.

ரேகன்ஸ்புர்க்கில் டான்யூப் மேல் உள்ள கல் பாலத்தில் கார் கிடையாது, பிள்ளைகளை விட்டுவிடலாம். படகில் வல்ஹல்லா மண்டபத்துக்குப் போகிறவர்கள், கரையிலிருந்து மண்டபத்துக்கு 358 படிகள் ஏற வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

9. சாப்பாடு

பல உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்குச் சமையலறையை மூடினால் மாலை ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள். மூன்று மணிக்குப் பசிக்கிறது என்றால் ரொட்டிக் கடைதான் கதி. வெண்ணெய் தடவிய ப்ரெட்சலைத் தின்னாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

சைவம் என்றால் சீஸ் கலந்த, நூடுல்ஸ் போன்ற ‘கேஸெஷ்பெட்ஸ்லெ’ கேளுங்கள், பன்றிக்கறித் துண்டு தூவுவார்களா என்றும் கேளுங்கள். பிள்ளைகள் பட்டியலில் இருக்கும் உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும் சைவம் போலத் தெரியும். அந்தக் குழம்பு கறிச்சாறு. ‘ஓனெ ஃப்ளைஷ்’ என்றால் கறி இல்லாமல் என்று பொருள், அதோடு குழம்பைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள். ‘ரொய்பர்டெல்லர்’ என்று பட்டியலில் இருந்தால், அது காலித் தட்டும் கரண்டியும். பெற்றோர் தட்டிலிருந்து பிள்ளை எடுத்துச் சாப்பிட. வெட்கப்படாமல் கேட்கலாம். தண்ணீருக்குக் காசு உண்டு, குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பிக் கொண்டுபோங்கள்.

இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை. பவேரியாவின் பாரம்பரிய பியர் தோட்டங்களில் பானத்தை அங்கே வாங்கிக்கொண்டு, சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்துப்போய்ச் சாப்பிடலாம். துணி விரிக்காத மேசையாகப் பார்த்து உட்காருங்கள். ஆப்பிள் ஜூஸ் வாங்கிக்கொண்டு புளியோதரைப் பாத்திரத்தைத் திறக்கலாம். பல தோட்டங்களில் பிள்ளைகளுக்குச் சறுக்கு மரமும் மணலும் இருக்கும்.

10. கழிப்பறையும் சில்லறையும்

ரயில் நிலையத்தில் ஒரு யூரோ வரை ஆகும். ஐம்பது சென்ட், ஒரு யூரோ நாணயங்களைத் தனிப் பையில் வையுங்கள். ‘நெட்டெ டொய்லெட்டெ’ என்ற ஒட்டி கடை வாசலில் இருந்தால் எதுவும் வாங்காமலே உள்ளே போகலாம். அருங்காட்சியகத்தை விட்டுக் கிளம்பும் முன் வேண்டாம் என்று சொன்னாலும் பிள்ளையைக் கூட்டிப்போய்விடுங்கள். டயப்பர் மாற்ற டிஎம் (dm) என்ற சோப்பு, அழகுசாதனக் கடைகளில் மேசை இருக்கும், டயப்பரும் அங்கேயே வைத்திருப்பார்கள், இலவசம். ஞாயிறு மூடியிருக்கும்.

11. உடம்பு சரியில்லை என்றால்

உயிருக்கு ஆபத்து என்றால் 112. காய்ச்சல், வாந்தி போன்றவற்றுக்கு மருத்துவர் நேரம் முடிந்த பிறகு 116117. பிள்ளையின் காப்பீட்டு அட்டை கையில் இருக்கட்டும். இரவிலும் ஞாயிறிலும் ஊருக்கு ஏதாவது ஒரு மருந்துக்கடை முறைப்படி திறந்திருக்கும், மூடிய எந்த மருந்துக்கடைக் கதவிலும் அதன் முகவரி ஒட்டியிருக்கும். அந்த நேரத்தில் 2.50 யூரோ கூடுதல். காய்ச்சல் மருந்தை வீட்டிலிருந்தே எடுத்துப்போனால் இந்த அலைச்சல் மிச்சம்.

ஞாயிறு இரவே வீடு திரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த நேரத்தில் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் தவிர வேறு எதுவும் திறந்திருக்காது, அங்கே விலையும் கூடுதல்.